கிறிஸ்மஸுக்கு ஊருக்குத்தான் வரவேண்டுமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளிலிருந்து ஒரே கேள்விதான் போனில் வரும்: "கிறிஸ்மஸுக்கு எப்ப வாரிய?" வருகிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. வருவது முடிந்த முடிவு. நாள்தான் தெரிய வேண்டும். நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி, மார்த்தாண்டம் என்று எந்த ஊர்க்காரரானாலும் இதில் வேறுபாடு இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் மகனோ மகளோ "இந்த வருஷம் நாம எல்லாரும் சேர்ந்து வேற எங்கயாவது கொண்டாடலாமே" என்று வாயைத் திறந்துவிட்டால் போதும். பெரியவர்கள் முகம் சுருங்கும். உறவினர் நடுவே பேச்சு பரவும். பண்டிகை நாளில் கோயிலையும் வீட்டையும் விட்டுவிட்டு என்ன ஊர் சுற்றல் என்று கேட்பார்கள். சில பிரசங்க மேடைகளிலிருந்தும் அதே குரல் வருகிறது.

இந்தக் கண்டனத்துக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. கிறிஸ்மஸைச் சொந்த ஊரில், சொந்த வீட்டில் கொண்டாடினால்தான் அது முழுமையானது. குடும்பத்தோடேயே போனாலும் வெளியூரில் கழிக்கும் கிறிஸ்மஸ் பக்தியிலும் குறைந்தது, பாசத்திலும் குறைந்தது, பிள்ளைகளை வேரிலிருந்து அறுப்பது என்பதே அது. நல்லவர்கள் நல்லெண்ணத்தோடு நம்புகிற கொள்கைதான். ஆனாலும் அது தவறு என்று எழுதவே இந்தக் கட்டுரை. வேதமும் வரலாறும் அதற்குத் துணை நிற்கவில்லை. நம் வீடுகளின் இன்றைய நிலைமையோ அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். வயதான தாய் தகப்பனை ஊரில் தனியே விட்டுவிட்டு, தம் மனைவி மக்களோடு மட்டும் மலைவாசஸ்தலத்துக்குப் போய் அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்காக நான் வாதாடவில்லை. அந்தப் பெற்றோரின் வருத்தம் நியாயமானது. நான் பேசுவது பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, வீடு அல்லாத ஓரிடத்தில் பண்டிகையைக் கழிப்பதைப் பற்றி. அது மகளின் வாடகை வீடாக இருக்கலாம், அண்ணன் வேலை பார்க்கும் ஊராக இருக்கலாம், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கடற்கரைச் சிற்றூராகவும் இருக்கலாம்.

வேதத்திலிருந்தே தொடங்குவோம். இயேசுவே வீட்டை விட்டு வந்த இடத்தில் பிறந்தவர்தானே என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அந்த வாதத்தை நான் பிடித்துக்கொள்ளப் போவதில்லை. எதிர்த்தரப்பில் விவரம் தெரிந்தவர் உடனே மடக்குவார்: அகஸ்து ராயனின் குடிமதிப்புக் கட்டளையால்தான் யோசேப்பும் மரியாளும் புறப்பட்டார்கள்; போனதும் யோசேப்பின் பூர்வீக ஊரான பெத்லகேமுக்குத்தான். சரிதான். அந்தப் பூர்வீக ஊரில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு முன்னணை மட்டுமே என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே போகலாம்.

அதைவிடப் பலமான சான்று லூக்கா இரண்டாம் அதிகாரத்திலேயே இன்னும் சற்றுத் தள்ளி இருக்கிறது. இயேசுவின் பெற்றோர் ஆண்டுதோறும் பஸ்கா பண்டிகைக்கு எருசலேமுக்குப் போவார்கள். இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதானபோதும் போனார்கள். திரும்பும் வழியில் பிள்ளையைக் காணோம் என்றதும் முதலில் உறவினரிடமும் அறிமுகமானவர்களிடமும் தேடினார்கள். உற்றார் உறவினரெல்லாம் கூட்டமாகச் சேர்ந்து போன பயணம் அது என்பது இதிலிருந்தே விளங்கும். நாசரேத்திலிருந்து எருசலேமுக்குப் பல நாள் நடை. அந்தக் குடும்பம் தன் பெரிய பண்டிகையை ஆண்டுதோறும் வீட்டுக்கு வெளியேதான் ஆசரித்தது.

அது அந்த ஒரு குடும்பத்தின் விருப்பமும் அல்ல. உபாகமம் 16ஆம் அதிகாரம் ஆண்டுக்கு மூன்று பண்டிகைகளுக்கு ஊரை விட்டு, கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்துக்கு வரச் சொல்கிறது. கூடாரப் பண்டிகையைப் பற்றி லேவியராகமம் 23இல் உள்ள கட்டளை இன்னும் வெளிப்படையானது: ஏழு நாள் வீட்டை விட்டு இறங்கிக் குடிலில் தங்க வேண்டும். எகிப்திலிருந்து புறப்பட்ட முன்னோர் கூடாரங்களில் குடியிருந்ததைச் சந்ததியார் அறிய வேண்டும் என்பது அதற்கான காரணமாகச் சொல்லப்படுகிறது. வெளியே போவதையே ஆசரிப்பாக வைத்த வேதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டில் இருப்பதுதான் பக்தி என்று எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்தது வரலாறு. டிசம்பர் 25ஐ இயேசுவின் பிறந்தநாளாகக் குறிக்கும் மிகப் பழைய உறுதியான பதிவு ரோமில் 354ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட நாட்காட்டியில் இருக்கிறது. ஆர்மீனியத் திருச்சபை இன்றுவரை ஜனவரி 6ஆம் தேதியே கொண்டாடுகிறது. 1647இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்மஸையே தடைசெய்தது. அதைச் செய்தவர்கள் தீவிர பக்திமான்கள். ஸ்காட்லாந்தில் 1958 வரை கிறிஸ்மஸ் பொது விடுமுறைகூட இல்லை. குடும்பம் முழுவதும் வீட்டுக்குள் கூடி, மரம் ஜோடித்து, விருந்து உண்டு, பரிசு கொடுத்துக் கொள்வதுதான் கிறிஸ்மஸ் என்கிற சித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1843இல் சார்ல்ஸ் டிக்கன்ஸின் கிறிஸ்மஸ் கதை வெளிவந்தது. 1848இல் விக்டோரியா அரச குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் அச்சாகிப் பரவியது. வாழ்த்து அட்டைகளும் கதைப் புத்தகங்களும் அந்தச் சித்திரத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தன. அழகான சித்திரம்தான், எனக்கும் பிடித்ததுதான். ஆனால் ஒரு காலத்தின் பழக்கத்தை எக்காலத்துக்குமான விசுவாசப் பிரமாணமாக ஆக்க முடியாது.

நம் சொந்த ஊர்களின் கதையையும் கேட்க வேண்டும். திருநெல்வேலித் திருச்சபையின் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு, சாத்தான்குளத்துக்கு அருகிலுள்ள முதலூர். 1799இல் அதை உருவாக்கியவர் டேவிட் சுந்தரானந்தம். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களை அவரவர் ஊரார் அங்கே வாழவிடவில்லை. அடியும் மிரட்டலும் தாங்காமல் வெளியேறியவர்களுக்காக வாங்கிய நிலத்தில் எழுந்த ஊர் அது. வீட்டை விட்டு வந்தவர்கள் கூடிக் கொண்டாடிய பண்டிகையிலிருந்துதான் அந்த ஊரின் மரபு தொடங்குகிறது. நம் வீடுகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போனார். தஞ்சையில் வாழ்ந்து, எழுதி, பாடி, 1864இல் மறைந்தார். பிறந்த ஊரில் இல்லாதவன் பக்தி குறைந்தவன் என்று சொன்னால் சாஸ்திரியாரை எங்கே வைப்பது?

இனி எதிர்த்தரப்பின் கனமான வாதத்துக்கு வருகிறேன். அது வேதமும் அல்ல, வரலாறும் அல்ல, பெற்றோர். "பெத்தவங்க வருஷம் முழுக்க அந்த ஒரு நாளுக்குத்தான் காத்துக் கிடக்காங்க" என்று சொல்லும்போது யாராலும் மறுத்துப் பேச முடிவதில்லை. நானும் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று நிதானித்து யோசிக்க வேண்டும். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்ப்பதற்காக. அந்தத் திண்ணையிலிருந்து பார்ப்பதற்காக மட்டும் அல்ல.

இன்றைய ஏற்பாட்டைப் பாருங்கள். சென்னையிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை அது 120 நாளாக இருந்தது. டிசம்பர் 23, 24ஆம் தேதிகளுக்கான இடங்கள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. கிடைக்காதவர்கள் ஆம்னி பஸ்ஸில் பண்டிகைக் கட்டணம் கொடுத்து, கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்துப் போகிறார்கள். தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு 25ஆம் தேதி ஒரு நாள்தான் விடுமுறை. அன்று ராத்திரியே திரும்ப வேண்டும். காலை ஆராதனை, மதியம் கறிச்சாப்பாடு, மாலை நாலு உறவினர் வீடு, பிறகு பெட்டி கட்டுதல். இதற்குள் தாத்தாவோடும் ஆச்சியோடும் உட்கார்ந்து பேசிய நேரம் எவ்வளவு? வந்தார்கள், போனார்கள் என்பது மட்டுமே மிஞ்சுகிறது.

ஓய்வு பெற்ற பெரியவர்கள் கூட்டமில்லாத ஒரு நாளில், டிசம்பர் நடுவிலேயே, கீழ்ப்படுக்கையில் வசதியாகப் படுத்து மகள் வீட்டுக்குப் போகலாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பேரப்பிள்ளைகளுக்கு விடுமுறை. புத்தாண்டுவரை பக்கத்திலேயே இருக்கலாம். லீவு இல்லாதவர் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வீட்டுக்கு வந்து அவர்களோடு இருக்கலாம். யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் பயணம் செய்வதுதான் நியாயம். உடல்நிலை இடம் தராத பெற்றோர் இருந்தால் பிள்ளைகள்தான் போக வேண்டும். அதில் கேள்வியே இல்லை. ஆனால் திடமாக நடமாடுகிற பெற்றோரும், பிள்ளைகள்தான் வர வேண்டும் என்று உட்கார்ந்திருப்பது பாசத்தால் அல்ல, பழக்கத்தால்.

பண்டிகை நாளிலும் வேலையை விட்டு நகர முடியாதவர்களையும் இந்தக் கொள்கை மறந்துவிடுகிறது. நம் பெண்கள் எத்தனை பேர் மருத்துவமனைகளில் செவிலியராக இருக்கிறார்கள்! ரயில்வேயில், காவல்துறையில், மின்வாரியத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு 25ஆம் தேதி இரவுப் பணி விழுந்தால், ஊரில் குடும்பம் விருந்து உண்ணும்போது அவர்கள் விடுதியில் தனியே சாப்பிடுகிறார்கள். வேலூரிலோ சென்னையிலோ பணியில் இருக்கும் மகளைத் தேடிக் குடும்பமே புறப்பட்டுப் போய், அவள் பணி முடிந்து வரும் காலையில் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டால் அதை அரைக் கிறிஸ்மஸ் என்று யார் சொல்வார்கள்? வர முடியாதவரைத் தேடிப் போவதுதான் இந்தப் பண்டிகையின் செய்தி என்று ஆண்டுதோறும் பிரசங்கம் கேட்கிறோம். அதைச் செய்து காட்டுகிற குடும்பத்தை ஏன் குறை சொல்கிறோம்?

இப்போது சமையலறைக்கு வருகிறேன். இங்கே என்னால் மெதுவாகப் பேச முடியாது. "வீட்டுக் கிறிஸ்மஸ்" என்று நாம் கொண்டாடுகிற இனிமை யாருடைய முதுகில் நிற்கிறது? டிசம்பர் மூன்றாம் வாரத்திலேயே வீட்டைக் கழுவித் துடைப்பது தொடங்கும். அரிசி ஊறவைத்து, மாவு திரித்து, அதிரசத்துக்குப் பாகு பதம் பார்த்து, முறுக்குப் பிழிந்து, முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுட்டு, டின் டின்னாக அடுக்கி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்பி, 24ஆம் தேதி இரவு கறிக்கு மசாலா அரைத்து வைத்து, விடியுமுன் எழுந்து குளித்துக் கோயிலுக்குப் போய், வந்ததும் வராததுமாக மறுபடி அடுப்பங்கரை. எங்கள் வீட்டில் அம்மா கிறிஸ்மஸ் புடவையைக் கோயிலுக்குப் போய்வரும் நேரம் மட்டுமே உடுத்தியிருந்தார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவருக்கு இலை. அவர் முகத்தில் அன்று சந்தோஷம் இல்லை என்று சொல்லமாட்டேன், இருந்தது. களைப்பும் இருந்தது. சந்தோஷத்தை மட்டும் நாங்கள் நினைவில் வைத்துக்கொண்டோம்.

அது அவர்கள் விரும்பிச் செய்வது என்பார்கள். சிலர் விரும்பித்தான் செய்கிறார்கள், அவர்கள் செய்யட்டும். ஆனால் எழுபது வயதில் முழங்கால் வலியோடு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கும் அம்மாவிடம், "இந்த வருஷம் இதெல்லாம் வேண்டாம், நீங்களும் எங்களோட வாங்க" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? வீட்டில் பெரும்பாலும் அப்பாதான் பதில் சொல்கிறார்: "அவ ஊர விட்டு வரமாட்டா." அம்மாவைக் கேட்டாலோ, "எனக்கென்ன, உங்களுக்கு எது சௌகரியமோ அது" என்கிறார். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் ஆசையை யாரும் நின்று கேட்பதில்லை. மருமகள்களின் நிலையும் இதுதான். ஆண்டு முழுவதும் அலுவலகமும் வீடுமாக ஓடிவிட்டு, விடுமுறை என்று வந்த இடத்தில் இன்னும் பெரிய அடுப்பு. ஒரு பாதிக்கு ஓய்வும் இன்னொரு பாதிக்கு உழைப்பும் தருகிற நாளைக் குடும்பப் பண்டிகை என்று சொல்வது நியாயமல்ல.

இதற்கு ஒரு கூர்மையான எதிர்க்கேள்வி உண்டு. "நீங்கள் வெளியே போனால் அங்கே சமைப்பதும் பெருக்குவதும் வேறொரு வீட்டுப் பெண்தானே? அவளுக்குப் பண்டிகை இல்லையா?" உண்மையான கேள்வி. அந்தப் பெண்ணுக்குக் கூலியாவது உண்டு, வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போகும் உரிமையாவது உண்டு. நம் அம்மாவுக்கு இரண்டும் இல்லை. ஆனாலும் பொறுப்பு நம்மேல் இருக்கிறது. தங்குமிடத்தில் வேலை செய்பவர்களைப் பெயர் கேட்டுப் பேசி, பண்டிகைப் பணம் கொடுத்து, கேக்கைப் பங்கிட வேண்டும். ஆண்கள் உட்பட எல்லோரும் சேர்ந்து எளிமையாகச் சமைத்துக்கொள்ளும் இடமாகப் பார்த்துத் தங்கினால் இன்னும் நல்லது. ஐந்து வகைப் பலகாரம் இல்லாமல் கிறிஸ்மஸ் வராமல் போகாது.

துக்க வீடுகளையும் நினைக்க வேண்டும். மரணம் நடந்த ஆண்டில் நம் வீடுகளில் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. சுற்றியுள்ள வீடுகளிலெல்லாம் விளக்கு எரிய, ஒரு வீடு மட்டும் இருட்டில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்போடு தட்டில் பலகாரம் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு தட்டும் ஒரு அழுகையைக் கிளப்பும். அப்படிப்பட்ட ஆண்டில் துணையை இழந்த தாயையோ தகப்பனையோ அழைத்துக்கொண்டு பிள்ளைகள் எல்லோரும் வேறோர் ஊருக்குப் போய், அங்கே ஆராதனையில் கலந்துகொண்டு, இறந்தவரைப் பற்றி மனம்விட்டுப் பேசித் திரும்புவது ஓடி ஒளிவது ஆகாது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளக் கிடைத்த இடம் அது. "முதல் கிறிஸ்மஸுக்கே வீட்டைப் பூட்டிட்டாங்க" என்று பேசுகிறவர்கள் அந்த வீட்டின் உள்ளே ஒரு இரவு இருந்து பார்க்கட்டும்.

பிள்ளைகள் வேரை மறந்துவிடுவார்கள் என்ற அச்சம் அடுத்தது. வேர் என்பதை நாம் மிகவும் குறுகலாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். ஒரு கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போங்கள். மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் வந்து இறங்கிய கடற்கரையைக் காட்டுங்கள். அவர் 1718இல் கட்டி முடித்த புது எருசலேம் ஆலயத்தில் இன்றும் தமிழில் ஆராதனை நடக்கிறது. அடுத்த ஆண்டு இறந்த அவரை அதற்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அந்த ஊரில்தான் அச்சாகி முடிந்தது. அங்கே ஒரு காலையில் பிள்ளை கற்றுக்கொள்வதை, ஊரில் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பல கிறிஸ்மஸ்களில் கற்றுக்கொள்ளாது. முதலூர்க்காரப் பிள்ளைக்குத் தரங்கம்பாடியும் தஞ்சாவூரும் அந்நிய ஊர்கள் அல்ல. அவன் பாடும் பாட்டும் படிக்கும் வேதமும் அங்கிருந்து வந்தவை.

வீட்டு மரபுகளும் பெட்டியில் ஏறக்கூடியவைதான். கீர்த்தனைப் புத்தகம், காகித நட்சத்திரம், ஒரு டின் முறுக்கு, 24ஆம் தேதி இரவுக் குடும்ப ஜெபம் எல்லாவற்றையும் போகிற இடத்துக்கு எடுத்துப் போகலாம். போகிற ஊரில் ஒரு கோயில் இருக்கும். அறியாத சபையார் நடுவே நின்று, அறிந்த பாட்டைப் பாடும் அனுபவம் பிள்ளைகளுக்குத் தேவை. திருச்சபை என்பது நம் தெருவோடு முடிந்துவிடுவதில்லை என்று அதில்தான் தெரியும்.

கடைசியாக, ஊர்ச் சபை வெறிச்சோடிப் போகும் என்ற கவலை. இதை நான் மதிக்கிறேன். பிழைப்புக்காக இளைஞர்கள் வெளியேறிய ஊர்களில் வெளியூர்ப் பிள்ளைகள் வரும் நாளில்தான் கோயில் நிறைகிறது, காணிக்கை சேர்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் வந்துபோகிறவர்களால் ஒரு சபை வாழ்ந்துவிடாது. ஊரின்மேல் உண்மையான பற்றுள்ளவர்கள் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வரலாம், அறுப்பின் பண்டிகைக்கு வரலாம், அசனத்துக்கு வந்து பந்தியில் பரிமாறலாம், கோடை விடுமுறையில் ஞாயிறு பள்ளிக்குப் பாடம் நடத்தலாம். அப்போது ரயிலில் இடமும் கிடைக்கும், பெரியவர்களோடு பேச நேரமும் கிடைக்கும். ஒரு கிறிஸ்மஸுக்கு வராத குடும்பம் சபையைக் கைவிட்டது என்றால், மற்ற மாதங்கள் முழுவதும் வராத குடும்பங்களை என்ன சொல்வது?

ஆண்டுதோறும் வெளியே போங்கள் என்று நான் கேட்கவில்லை. ஊர்க் கிறிஸ்மஸ் வேண்டுகிறவர்கள் ஊருக்கே போகட்டும். அது நல்ல வழி. ஆனால் அது ஒன்றே நல்வழி என்று சொல்லி மற்றவர்களைக் குற்றவாளியாக்குவதை நிறுத்த வேண்டும். பிரசங்கிமாரே, கோயிலில் காணாத குடும்பத்தைக் கண்டிக்கும் முன், அவர்கள் யாரோடு இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெரியவர்களே, பிள்ளைகள் கூப்பிட்டால் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளைகளே, இந்த ஆண்டு டிக்கெட் போடுவதற்கு முன் அம்மாவை அழைத்து, அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, "அம்மா, கிறிஸ்மஸ் அன்னிக்கு நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?" என்று கேளுங்கள். அவர் எந்த ஊரைச் சொல்கிறாரோ அங்கே எல்லோருமாகப் போங்கள்.